அறிவரசனுக்கு ஐந்தாம் மாதம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அறிவரசன் மீன்குழம்புச் சோற்றில் கையை வைத்த நேரம் பார்த்துப் போன் சிணுங்கியது. மனைவி அம்சவள்ளி எடுத்துச் சத்தமாக வாசித்தாள்.

“அன்புள்ள தாய் சண்முகப்பிரியா, உங்களுக்கு ஐந்தாம் மாதம் தொடங்கிவிட்டது. இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் சாப்பிடவும்.”

வாசித்துவிட்டு அவள் பார்த்த பார்வையில் அவருக்குப் புரையேறியது.

“யாருங்க இந்தச் சண்முகப்பிரியா?”

“சத்தியமா தெரியாதுடி!”

அம்சவள்ளி மறுபடி வாசித்தாள். மாசமாயிருப்பதாக அரசாங்கமே எழுதியிருப்பது தன் புருஷனுக்குத்தான் என்று உறைத்ததும் சிரிக்க ஆரம்பித்தவள், சுவரைப் பிடித்துக்கொண்டும் நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“மாத்திர போட்டீங்களா, இல்லியா?”

நாற்பத்தெட்டு வயதில், ஆலத்தியூர் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் டிப்பர் டிரைவருக்கு இப்படி ஒரு யோகம். அதன் பிறகு வாரம் தவறாமல் செய்தி வந்தது. கனம் தூக்காதீர்கள் என்றது. அன்றைக்கு இருபது டன் கல்லைக் கொண்டுபோய்க் கொட்டினார். குழந்தைக்கு இனி உங்கள் குரல் கேட்கும் என்று வந்த நாளில், ஓட்டிக்கொண்டே தன்னை அறியாமல் பாட ஆரம்பித்துவிட்டார். அவருடைய இரண்டு பையன்களும் பிறந்தபோது அவர் கேரளா லோடில் இருந்தார். எந்த மாதத்தில் பிள்ளைக்கு நகம் முளைக்கும், எப்போது உதைக்கும் என்பதெல்லாம் அவருக்குப் புதுச் செய்தி. டீக்கடையில் மற்ற டிரைவர்களுக்கும் விளக்கினார்.

ஆறாம் மாதம், ‘செவ்வாயன்று சர்க்கரைப் பரிசோதனை’ என்று வந்தபோதுதான் திடுக்கென்றது. இது என்னிடம் வந்தால் அந்தப் பொண்ணுக்கு யார் சொல்வது? செய்தியின் அடியில் உடையார்பாளையம் பக்கத்துத் துணை சுகாதார நிலையம் ஒன்றின் பெயர் இருந்தது. மறுநாளே லீவு போட்டுவிட்டு, ஜெயங்கொண்டம் போய் பஸ் மாறி அங்கே இறங்கினார்.

நர்ஸ் சசிகலா போனை வாங்கிப் பார்த்தாள். வாயைப் பொத்தியும் சிரிப்பு பிய்த்துக்கொண்டு வந்தது.

“கவலப்படாதீங்கண்ணே, அந்தப் பொண்ணுக்குத் தகவல் போயிருச்சு. இங்க பாருங்க.” மேசைமேல் இருந்த பெரிய நோட்டைத் தட்டினாள். “இது என் ரிஜிஸ்டர். யாரு வந்தாங்க, யாரு வரல, யாரு வூட்டுக்கு நான் போவணும்னு இதுலதான் பாப்பேன். இதுல நம்பர் சரியாத்தான் இருக்கு. அந்தப் பொண்ணு கையில ஒரு கார்டு இருக்கும். ராத்திரி பகல்னு எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடுனாலும், அதப் பாத்தா டாக்டருக்கு ரத்த வகையிலேருந்து எல்லாம் புரியும்.”

“அப்ப எனக்கு ஏன் வருது?”

“கம்ப்யூட்டர்ல ஏத்துறப்ப நம்பர்ல ஒண்ண ஏழாக்கிப்புட்டாங்க. அந்தக் கம்ப்யூட்டர் கணக்கு மேல இருக்கவங்க பாக்குறது. ஜில்லாவுல எத்தினி தாய்மாரு, எவ்வளவு மருந்து அனுப்பணும்னு கணக்கெடுக்க. திருத்தச் சொல்லி எழுதுறேன். அதுவரைக்கும் நீங்கதான் தாயி!”

“பொண்ணு எந்த ஊரு, நல்லா இருக்கா?”

சசிகலா நோட்டைப் பட்டென்று மூடினாள். “அது மட்டும் கேக்கக் கூடாது. அவ விசயம் அவளுக்குச் சொந்தம்.”

திட்டு வாங்கியும் அவருக்குச் சந்தோஷமாகவே இருந்தது. பொண்ணை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள்.

எட்டாம் மாதத்தோடு செய்தி நின்றது. நம்பரைத் திருத்திவிட்டார்கள். அறிவரசனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. போனை ஆட்டிப் பார்த்தார், அணைத்துப் போட்டார். “புள்ளைய பாதியில வுட்டுட்டுப் போயிட்டாங்களே!” என்று புலம்பினார். அம்சவள்ளியே பொறுக்காமல் நர்ஸுக்குப் போன் போட்டாள். அந்தப் பொண்ணிடம் கேட்டுப் பார்க்கிறேன், அவளுக்கு இஷ்டமிருந்தால் பேசுவாள் என்று மட்டும் சசிகலா சொன்னாள்.

ஆறு வாரம் ஓடிற்று. ஆலை வாசலில் லாரி வரிசையில் நின்றபோது புது நம்பரிலிருந்து அழைப்பு.

“அண்ணே, நாந்தான் சண்முகப்பிரியா பேசறேன். நேத்து ராத்திரி பொறந்துச்சுண்ணே. பொம்பளப் புள்ள. மூணு கிலோ நூறு. ஒங்க கதைய நர்ஸக்கா சொல்லிச் சொல்லியே என்னய சிரிக்க வெச்சாங்க. ஒங்களுக்குச் சொல்லணும்னு நாந்தான் நம்பர் வாங்குனேன்.”

போனுக்குள் ஒரு குரல் வீறிட்டது. பூனைக்குட்டிக்குக் கோபம் வந்ததுபோல.

“அழுவுதா? நல்லா அழுவச் சொல்லும்மா! நீ மாத்திரைய நிறுத்திப்புடாத, பால் குடுக்குறவரைக்கும் சாப்புடணும்!”

சொல்லிவிட்டுப் போனைச் சட்டைப்பையில் போட்டார். அறிவரசன் லாரியிலிருந்து குதித்தார். கதவைச் சாத்தக்கூட மறந்து, எதிர்க்கடையில் ஒரு தட்டு மைசூர்பாகை அப்படியே தூக்கிக்கொண்டு வரிசை நெடுக ஓடினார்.

“பொண்ணு! பொம்பளப் புள்ள! மூணு கிலோ நூறு!”

“யாருக்குண்ணே?” என்றான் ஒரு டிரைவர், வாய் நிறைய இனிப்போடு.

“எனக்குத்தான்!” என்றுவிட்டார் அறிவரசன்.

முன்னால் வரிசை எப்போதோ நகர்ந்துவிட்டது. பின்னாலிருந்த பதினோரு லாரிகளும் வழி கேட்டு ஹாரன் அடித்தன. அவர் தட்டை உயர்த்திப் பிடித்து, அவர்கள் எல்லோருக்கும் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.