முன்சீட்டுக்கு அடியில்

சாயங்காலம் காரை வாங்க ஆள் வருகிறார். அதற்குள் உள்ளே வாக்யூம் போட்டுவிட வேண்டும் என்று நாத்தனார் காலையிலேயே தன் வீட்டு மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். உதவிக்கு வந்தவள் சும்மா வருவாளா? செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"என் தம்பி ஆசையா வாங்கின கார். மாத்திரையை ஒழுங்கா குடுத்திருந்தா இன்னிக்கு அவனே துடைச்சிட்டு இருப்பான்."

தம்பி மாரடைப்பில் போனதிலிருந்து இதே பாட்டுதான். அவன் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அது வேறு வசதியாகப் போயிற்று. "ஊருக்கெல்லாம் வேளாவேளைக்கு மாத்திரை குடுப்பா, கட்டினவனுக்குக் குடுக்க மாட்டா" என்று சொந்தபந்தம் அத்தனை பேர் காதிலும் போட்டாயிற்று.

மற்றவர்கள் நம்பினால் தொலையட்டும். நர்ஸுக்கே இப்போது சந்தேகம். ட்யூட்டிக்கு ஓடுகிற அவசரத்தில் விட்டுப்போயிருக்குமோ? தினமும் அவள்தான் வண்டி ஓட்டி அவனை ஆபீஸில் இறக்கிவிடுவாள். முதல் சிக்னலில் நின்றதும் மாத்திரையை அவன் உள்ளங்கையில் வைப்பாள். அவன் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, "செக் பண்ணிக்கோங்க சிஸ்டர்" என்று நாக்கை நீட்டிக் காட்டுவான். அவள் சிரித்துக்கொண்டே வண்டியை எடுப்பாள். கொடுக்காத நாள் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. ஆனாலும் தூக்கம் போய்விட்டது.

"முதல்ல கையால பொறுக்கிடு. காசு கீசு பைப்ல மாட்டினா மெஷின் போச்சு."

நர்ஸ் மிதியடிகளை உருவிச் சுவரில் தட்டினாள். டாஷ்போர்டைக் காலி செய்தாள். பழைய பார்க்கிங் ரசீதுகள், அவனுடைய கூலிங்கிளாஸ், மூடி தொலைந்த பேனா. பிறகு அவன் உட்காரும் முன்சீட்டை முன்னால் தள்ளிவிட்டு, பின்கதவு வழியாகத் தலையை விட்டுத் துழாவினாள்.

ரோஸ் நிறத்தில் ஒன்று கைக்கு வந்தது. பிறகு இன்னொன்று. சீட் நகரும் கம்பி ஓரத்தில் தூசியும் முடியும் சுற்றிக்கொண்டு நிறையக் கிடந்தன. எந்த மாத்திரை என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

கொடுத்திருக்கிறேன், கொடுத்திருக்கிறேன் என்று மனசு துள்ளியது. அடுத்த நொடியே மற்றதும் உறைத்தது. மாத்திரையைச் சீட் ஓரமாக நழுவவிட்டு, வெறும் நாக்கை நீட்டியிருக்கிறான் பாவி. அதற்கு அவள் சிரித்திருக்கிறாள்.

"அண்ணி, இங்க வந்து பாருங்க."

நாத்தனார் குனிந்து பார்த்தாள். "சின்னதுல காய்ச்சல் மாத்திரையைத் தலகாணி உறைக்குள்ள..." என்று ஆரம்பித்தவள் பாதியில் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு நர்ஸின் கையைப் பிடித்து இழுத்தாள். "இது யாருக்கும் தெரிய வேணாம். என் தம்பி வாழப் பிடிக்காம போனான்னு ஒருத்தர் வாயில வரக் கூடாது. நீ குடுக்கலன்னே இருக்கட்டும்."

"அப்போ நான்?"

"நீ உசுரோட இருக்கல்ல? தாங்கிக்குவ."

நர்ஸுக்குக் கோபம் தலைக்கேறியது. எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிப்போட்டு வீடு வீடாகப் போய்க் காட்ட வேண்டும்போல் இருந்தது. காட்டினால் என்ன சொல்வார்கள்? உன்மேல் தப்பில்லை என்பார்கள். அவள் படியிறங்கியதும், பக்கத்திலேயே இருந்தவனுக்கு அப்படி என்ன குறை வைத்தாளோ என்று தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். அவளே அதைத்தான் இப்போது தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மாத்திரை கொடுக்க மறந்தவள் என்ற பேரோடு எப்படியாவது காலத்தைத் தள்ளிவிடலாம். இந்தப் பேரோடு முடியாது.

நாத்தனார் எழுந்து பைப்பைக் கையில் எடுத்தாள். நர்ஸ் சுவிட்சைப் போட்டாள். மாத்திரைகள் கடகடவென்று பைப்புக்குள் ஏறின. அந்தச் சத்தத்தின் மறைவில் நாத்தனார் வாய்விட்டு அழுதாள்.

"சீட்டைப் பின்னால தள்ளிட்டுப் பாருங்க அண்ணி," என்றாள் நர்ஸ். "முன்பக்கமும் கிடக்கும்."