ஏழாவது ஆளைக் காணவில்லை

அன்று தேவாலயச் சபை ஹாலில் இருந்தவர்கள் விவரம்: முன்வரிசையில் வலது ஓரம் செயலாளர் ஞானையன். அவருக்கு அடுத்து, சபையைச் சேர்ந்தவர் அல்ல என்றாலும் சாட்சி என்ற முறையில், டீக்கடை சோமன். அவருக்கு அடுத்து, 1971 போரில் காணாமல் போய், அன்று காலை திரையிலிருந்து இறங்கி வந்த சிப்பாய் ராஜையா, வயது இருபத்துநான்கு, கறுப்பு வெள்ளை. கடைசி வரிசையில் கதவோரம் அவருடைய மனைவி ஆனந்தபாய், வயது எழுபத்துமூன்று. அது அவருடைய பழைய இடம். கேமராவுக்குப் பின்னால், தனுவச்சபுரத்தில் கல்லூரி ஆசிரியை வேலையும் விடுமுறையில் ஆவணப்பட வேலையும் பார்க்கும் ரேஷ்மி. மற்ற நாற்காலிகளில் ஊர்.

ரேஷ்மி அந்தப் போரைப் பற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு முறை உண்டு. சாட்சிகளை முதலில் உட்கார்த்திப் பழைய படத்துண்டைக் காட்டுவார். பிறகு ஒவ்வொருவராகப் பேசவைப்பார். கண்ணால் கண்டதை மட்டும் சொல்ல வேண்டும், கேள்விப்பட்டதைச் சொல்லக் கூடாது. டெல்லிக் காப்பகம் ஒன்றிலிருந்து அவர் வாங்கிவந்த துண்டில், கிழக்கு எல்லையில் ஏழு சிப்பாய்கள் தலையில் பெட்டி சுமந்து, நெஞ்சளவு தண்ணீரில் ஒரு ஆற்றைக் கடந்து கேமராவை நோக்கி வந்தார்கள். ஆறு பேர் கரையேறிப் படத்தின் ஓரத்தில் மறைந்தார்கள். ஏழாவது ஆள் பெட்டியை இறக்கி வைத்து, முகத்தை வழித்துவிட்டு, திரைக்குக் கீழே இருந்த ஆர்மோனியத்தின் மேல் கால் வைத்து ஹாலுக்குள் இறங்கினார். தண்ணீர் புகுந்ததில் ஆர்மோனியத்தின் கீழ்க்கட்டைகள் இன்றும் பேசுவதில்லை. கடைசி வரிசையிலிருந்து ஆனந்தபாய், "வந்தியளா? பூட்ஸக் கழட்டிட்டு இரிங்க, தரை நனையும்" என்றார். அவர் கழற்றிவிட்டு, காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

ராஜையாவைக் காணவில்லை என்று அந்த டிசம்பரில் தந்தி வந்தபோது, ஊர் அதைத் தன் வழக்கப்படி புரிந்துகொண்டது. இந்தப் பக்கத்தில் ஒரு ஆளைக் காணோம் என்றால் அவன் களியக்காவிளை தாண்டிவிட்டான் என்று பொருள். சீட்டுப்பணத்தை விழுங்கியவன், அடிதடியில் ஒருவன் பல்லை உடைத்தவன், பிறத்தியார் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனவன், எல்லாரும் நடக்கிற தூரத்தில் இருக்கும் எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டு ஆளாகிவிடுவார்கள். கல்யாணம் கழிந்து எட்டு மாதமான பையன் வெடிச்சத்தம் கேட்டதும் வேறு எங்கே போவான்? பட்டாளத்தார் காணவில்லை என்று எழுதியதை ஊர் 'தாண்டிவிட்டான்' என்று வாசித்தது. தை மாதத்துக்குள் அவரை மார்த்தாண்டம் சந்தையில் கண்டவர்கள் உண்டானார்கள். விசாரிக்க ஒரு அதிகாரி வந்தபோது, சபைக் கமிட்டி ஒரே குரலில், ஆள் உயிரோடிருக்கிறான், கண்டோம், என்று சொன்னது. ராணுவம் 'ஓடிப்போனவர்' என்று எழுதிக்கொண்டது. அதன் பிறகு ஒவ்வொரு சுதந்திர தின ஆராதனையிலும், போருக்குப் போன சபையாரின் பெயர்கள் வாசிக்கப்பட்டு அவரவர் வீட்டார் எழுந்து நிற்கும்போது, ஆனந்தபாய் கதவோரம் உட்கார்ந்தே இருந்தார். அண்டியாபீசில் முந்திரிக்கொட்டை உடைத்துப் பிழைத்தார். சந்தையில் மீன் வாங்கினால் பெண்கள், "ஒருத்திக்கா, ரெண்டு பேருக்கா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவர் மீன் வாங்குவதை நிறுத்திவிட்டார்.

ரேஷ்மி கேமராவைச் சோமன் பக்கம் திருப்பியபோது முதலில் பேசியது ராஜையாதான். இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள்.

"எலே சோமா, நீ எப்பம்லே இப்பிடிக் கெழவனான? ஒனக்க அப்பனாக்கும்னுல்லா நெனச்சேன்."

ஹால் சிரித்தது, சிரித்த வாயை உடனே மூடிக்கொண்டது. ரேஷ்மி, "மாமா, கண்டதச் சொல்லுங்க" என்றார். சோமன் நாற்காலி நுனிக்கு வந்து, மார்த்தாண்டம் சந்தை, வாழைக்குலைக் கடை, என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

"நானா? எனக்க மொகத்தக் கண்டியா?"

"மொகம் கண்டேன்னு சொல்ல ஒக்காது மக்கா. முதுகாக்கும் கண்டது. ஒனக்க நடை மாதிரியே இருந்து."

சோமனைப் பார்த்திருந்த ராஜையா எழுந்து, திரைப் பக்கம் திரும்பி நின்றார். அவருக்கு முதுகு இல்லை. படம் எடுத்தவர் எதிரே நின்றே எடுத்திருந்தார். அவர் எடுக்காத பக்கம் வரவில்லை. ஆள் நின்ற இடத்தில் பின்னாலிருந்தவர்களுக்கு வெறும் திரைதான் தெரிந்தது. அவர் மறுபடி திரும்பியதும் முழு ஆளாகத் தெரிந்தார். ரேஷ்மி செயலாளரைப் பார்த்து, நீங்கள் கண்டது என்ன என்று கேட்டார். ஞானையன், "சோமன் கண்டதத்தான் நானும் கண்டேன்" என்றார். அதன் பிறகு யாரையும் எதுவும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

அன்று கவிழ்ந்த தலைகள் நிமிரவில்லை. நெய்யாற்றின்கரையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். எலும்பில் கோளாறு ஒன்றும் இல்லை. பஸ் கண்டக்டர்கள் குனிந்த கழுத்தை வைத்தே இன்ன சபை என்று தெரிந்துகொண்டு டிக்கெட் கிழித்தார்கள். சோமன் தன் காலைப் பார்த்துக்கொண்டே டீ ஆற்றினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. ராஜையா ஆனந்தபாயின் வீட்டில் தங்கினார். வெயிலில் காய்ந்தும் நிறம் ஏறவில்லை. அவர் வருவதைக் காணலாம், போவதைக் காண முடியாது. பேரனா என்று புதிதாக வந்தவர்கள் கேட்டால், ஆனந்தபாய், "பேரனில்ல, எனக்க மாப்பிளையாக்கும்" என்பார்.

ஓணம் கழிந்து டெல்லியிலிருந்து கடிதம் வந்தது. மூலச் சுருளிலும் இப்போது ஆறு பேர்தான் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் திரையிட்ட பிறகு ஏழாவது ஆளைக் காணவில்லை. எழுத்து மூலம் விளக்கம் தரவும். கமிட்டி கூடியது. ஆனந்தபாய் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். தலை கவிழ்ந்திருந்தது எழுதுவதற்கு வசதியாக இருந்தது. மேற்படி நபர் எங்களிடம் நலமாக உள்ளார் என்று எழுதி, ஞானையன் பேனாவை மூடினார்.

"பழையதும் எழுதணும்" என்றார் ஆனந்தபாய்.

"அது பட்டாளத்துக்குச் சொன்னதுல்லா தங்கச்சி. இவங்க படக்காரங்க. இவங்களுக்கு எதுக்கு?"

"யாருக்கானாலும் எழுதும். கேட்டவரு செத்திருப்பாரு. சொன்ன நீரு இருக்கீரே அண்ணே."

ஞானையன் பேனாவைத் திறந்தார். ராஜையா அவர்களை மார்த்தாண்டத்தில் கண்டதாக நாங்கள் சொன்னது பொய், ஒருவரும் காணவில்லை. அவருடைய மனைவியை இத்தனை காலம் உட்கார வைத்தோம். இப்போது அவரைத் தினமும் காண்கிறோம். திருப்பி அனுப்ப இயலாது. மீதி ஆறு பேரைக் கொண்டு படத்தை நடத்திக்கொள்ள வேண்டுகிறோம். கீழே, யாரும் சொல்லாமலே, 'நகல்: ராணுவ ஆவண அலுவலகம்' என்று சேர்த்தார். கண்ணால் கண்ட சாட்சிகள் என்ற இடத்தில் கையெழுத்துப் போட வரிசை நின்றது. சோமன் தன் பெயரை எழுத மற்றவர்களைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

இரண்டு உறைகளையும் ஆனந்தபாய் பசை தடவி ஒட்டினார். ராஜையா அவற்றைப் பாறசாலைத் தபாலாபீசுக்குக் கொண்டுபோனார். கவுண்டரில் ஷிஜி என்ற பெண் உறைகளை எடைபோட்டு, கறுப்பு வெள்ளை முகத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அனுப்புநர் யார் என்று கேட்டார். ராஜையா, என்றார் அவர். ஷிஜி அதை எழுதிக்கொண்டு, முத்திரை குத்தி, இரண்டையும் பைக்குள் போட்டார்.