ஒரே பிளக்

கனகா மறுபடியும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போட்டாள். திரை ஒழுங்காக வந்தது. இன்டர்நெட்தான் வரவில்லை.

“என்னக்கா ஆச்சு?” பட்டன் செல்போனில் தம்பி சிவபாண்டி கேட்டான். கத்தாரில் கம்பெனிக்காரன் அவனுக்குப் பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லை. சாப்பாட்டு நேரம் முடியும்வரை ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்காரலாம் என்றிருந்தான். அதற்குள் அப்பா முகத்தைக் காட்டியாக வேண்டும். சாயங்காலம் தத்தனேரி சுடுகாட்டுக்கு எடுத்துவிடுவார்கள்.

“இருடா, பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்.”

அப்பா மலைச்சாமி ஹாலில் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். பேரையூரிலிருந்து வந்த சனம் சுற்றி உட்கார்ந்து அழுதது. இந்த வீட்டில் கம்ப்யூட்டர் அவர் பாடு. ஞாயிற்றுக்கிழமை மகனோடு பேச, சித்திரை வெயிலிலும் மப்ளர் கட்டிக்கொண்டு காமிரா முன்னால் உட்காருவார். ஃபேன் காற்றே ஆகாத மனுசன். நெட் போனால் எல்லாவற்றையும் அணைப்பார். “மூச்சு வாங்கட்டும்” என்று பொறுத்திருந்து போடுவார், வந்துவிடும். ஒன்றும் சொல்லித்தராமல் போய்ச் சேர்ந்துவிட்டாரே என்று கனகாவுக்கு அவர் மேலேயே கோபம் வந்தது.

“மோடத்துல லைட்டு எரியுதா பாருக்கா.”

ஒன்றுகூட எரியவில்லை. வயரைப் பிடித்துக்கொண்டே மேஜைக்கு அடியில் போனாள். மோடத்தின் பிளக் தரையில் கிடந்தது. அது இருந்த இடத்தில் ஐஸ் பெட்டியின் பிளக். காலையில் பெட்டியை இறக்கியவர்கள் பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். பழைய வீடு, கம்ப்யூட்டருக்குப் போக ஹாலில் இருப்பதே அந்த ஒன்றுதான். ஜங்ஷன் பாக்ஸ் வாங்கிவரப் போன ஆளையும் காணோம்.

“சித்தப்பா, பெட்டியக் கொஞ்ச நேரம் நிப்பாட்டவா?”

“வெயிலு இம்புட்டு அடிக்குதேத்தா...” சித்தப்பா பேயாண்டி இழுத்தார். “சரி. பிள்ள பாக்கட்டும்.”

பெட்டியின் இரைச்சல் நின்றது. மோடத்தில் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. கொஞ்ச நேரத்தில் திரையில் சிவபாண்டியும் வந்தான். தலையில் மஞ்சள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. கனகா காமிராவை வயரோடு இழுத்துப் பெட்டிக்கு மேலே பிடித்தாள். கண்ணாடியில் ஈரம் படிந்திருந்ததால் சித்தப்பா மூடியையே திறந்துவிட்டார்.

“அப்பா” என்றான் சிவபாண்டி.

காலையிலிருந்து வாய் திறக்காத அம்மா தங்கப்பொண்ணு எழுந்தாள். கொடியில் கிடந்த மப்ளரை எடுத்து வந்தாள்.

“இவருக்குக் குளிரு ஆகாதுன்னு ஒருத்தருக்கும் தோணலயே.” வாய்க்கட்டின் மேலேயே சுற்றினாள்.

“ஒரு காது தெரியுதும்மா” என்றான் சிவபாண்டி. “அதையும் மூடி விடு.”

அவள் மூடிவிட்டாள்.

“போதும், கனகா. பெட்டியப் போடுத்தா” என்றார் சித்தப்பா.

கனகா மேஜைக்கு அடியில் குனிந்து மோடத்தின் பிளக்கைப் பிடுங்கினாள். பெட்டி இரைய ஆரம்பித்தது. அவள் நிமிர்ந்தபோது திரையில் சிவபாண்டி ஏதோ சொல்ல வாயைத் திறந்தபடி அப்படியே நின்றிருந்தான்.