உச்சி வரைக்கும்

பழைய துறைமுக ஊரில் குடியிருப்பவனுக்குச் சொந்தக்காரர்கள் குறைவதே இல்லை. கோட்டை, பீரங்கி, கலங்கரை விளக்கம் எல்லாம் பார்க்க வருகிறவர்கள், சாப்பிடவும் படுக்கவும் அவன் வீட்டையும் பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஐஸ் பேக்டரியில் இரவு ஷிப்ட் முடித்து வந்தவன் இரண்டாவது செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவி குரலைத் தாழ்த்தினாள்.

"எங்க அண்ணன் மொத மொதலா வந்திருக்கு. போன மாசம் உங்க அண்ணனை லைட்ஹவுஸ் உச்சி வரைக்கும் கூட்டிட்டுப் போனீங்க. எங்க அண்ணனுக்கு மட்டும் வாசலோட முடிஞ்சுதுன்னா, அப்புறம் நடக்கறதே வேற."

கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டான்.

மச்சான் சுற்றுலா பஸ் டிரைவர். "உங்க ஊர்ப் பக்கம் நமக்கு டிரிப்பே விழறதில்லம்மா" என்று தங்கையிடம் வருஷக்கணக்காகச் சொல்லி வந்தவர்.

"இதுதான் கோட்டை, மச்சான்."

"ம்."

"இது பீரங்கி."

"பீரங்கிதான்."

சுடுவதற்கு ஆளில்லாத பீரங்கி வாயைத் திறந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து இவன் கொட்டாவி விட்டான். இவனைப் பார்த்து மச்சான் விட்டார்.

கலங்கரை விளக்கத்து வாசலில் டிக்கெட் கொடுப்பவர் எழுந்தே நின்றுவிட்டார். "அடடே, டிரைவரண்ணே! இன்னிக்கு பஸ்ஸைக் காணோம்? போன வாரம் கூட நம்ம மரத்தடியில அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்டிருந்தீங்களே!"

மச்சான் முகத்தில் ஈயாடவில்லை.

"மாப்ளே, தங்கச்சி காதுக்குப் போயிடக் கூடாது. ஊருக்கு வந்துட்டு வீட்டுக்கு வராமப் போனேன்னு தெரிஞ்சா, ஜென்மத்துக்கும் பேசமாட்டா. ராத்திரியெல்லாம் ஓட்டிட்டு வர்றேன். ஜனங்க இறங்கினதும் கண்ணு சொருகிடுது. முழிச்சா, கிளம்பற நேரம்."

அவனுக்குக் கோபம் வரவில்லை. பொறாமைதான் வந்தது.

"அந்த மரம் எங்க மச்சான் இருக்கு?"

சாயங்காலம் வீடு திரும்பியபோது இருவர் முகமும் தெளிந்திருந்தது. மனைவிக்கு மனம் குளிர்ந்துபோயிற்று.

"உச்சிக்குப் போனியாண்ணா? அங்கேருந்து நம்ம வீடு தெரிஞ்சுதா?"

"தெரியாம? மொட்டை மாடியில நீ காயப்போட்ட துணி கூடத் தெரிஞ்சுதும்மா."

"இன்னிக்கு நான் துணியே துவைக்கலையே."

மச்சான் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை சுவரைப் பார்த்தான். மனைவி இருவர் சட்டை முதுகிலும் ஒட்டியிருந்த சருகுகளைப் பார்த்தாள்.

படியேறியே தொலைத்திருக்கலாம் என்று அப்போதுதான் அவனுக்குத் தோன்றியது.