செதில் பதித்த கடல்

மாசிலாமணி மூன்றாவது முறையாக ஊசியில் நூல் கோக்க முயன்றான். வலை ஊசி பழகிய விரல்களுக்கு இந்தச் சின்ன ஊசி பிடிபடவில்லை. பாயில் சாய்ந்திருந்த அவன் மனைவி லூர்துமேரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில்தான் கோயில் சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் அவஸ்தை எண்ணெயை அவளுக்குப் பூசிவிட்டுப் போயிருந்தார்.

பத்தொன்பது வருஷம் அவள் சாந்தோம் மடத்துக்காகப் பீடத்துணிகளில் பூவேலை செய்தவள். தனக்கென்று ஒரு கைக்குட்டைகூடத் தைத்துக்கொண்டதில்லை. நெஞ்சு நோயில் விழுந்த பிறகுதான் தனக்கென்று இந்தத் துணியைத் தைக்கத் தொடங்கினாள். நீலப் பட்டு நூலில் கடல். அதன் மேல் குப்பத்துக் கட்டுமரங்கள் ஒன்பது. அவற்றின் பாய்களை அவனுடைய பழைய பாய்த்துணியில் கத்தரித்தாள். அலை மினுங்க, கழுவிக் காயவைத்த மடவை மீன் செதில்களைப் பதித்தாள். கரையோரம் பொடிச் சிப்பிகள்.

ஒரு கட்டுமரத்தின் பாய்க்கயிறு மட்டும் மிச்சம். அதற்குள் அவள் விரல்களில் ஊசி நிற்காமல் போயிற்று.

தன் கை பட்டால் கெட்டுவிடும் என்று அவன் சொல்லிப் பார்த்தான்.

“வலைக்குப் போடற முடிச்சையே போடேன்யா. அதுவும் கயிறுதான,” என்றாள்.

போட்டான். மற்றக் கயிறுகளைவிட அது தடிமனாகத் தெரிந்தது. அவள் விரலால் தடவிப் பார்த்தாள்.

“கெட்டியா கீது. காத்துல அவுறாது.”

பிறகு துணியைக் கவிழ்த்து, அதன் மேல் தேயிலைப் பெட்டிப் பலகையை வைத்தான். ஓரங்களைப் பின்பக்கம் மடித்து, குறுக்கும் நெடுக்குமாக நூல் ஓட்டி இழுத்துக் கட்டினான். இந்த வேலையில் அவனுக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மூலையில் ஒரு சுருக்கம் இருப்பதாக மட்டும் ஒரு தடவை சொன்னாள். அதையும் இழுத்துச் சரிசெய்து, பலகையை எதிர்ச்சுவரில் சாத்தி வைத்தான்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். பசிக்கிறது என்றாள். அவள் அப்படிச் சொல்லி எத்தனையோ நாளாகியிருந்தது. கஞ்சி இரண்டு வாய் குடித்துவிட்டு, அவன் மடியில் காலை நீட்டிப் படுத்தாள். கடல் காற்று வரத் தொடங்கிய வேளையில் மூச்சு நின்றது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அவன் அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை அடக்கம் முடிந்து வீட்டுக்குத் திரும்பினார்கள். மீன் விற்கும் வேலம்மா அழுதுகொண்டே உள்ளே வந்தவள், பலகையைப் பார்த்ததும் நின்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள்.

“இது எங்க மரம்தான? பாய்ல ஒட்டு போட்டுகீது பாரு.”

பின்னால் வந்த பெண்களும் சுவரோரம் கூடினார்கள். அவரவர் வீட்டு மரத்தைத் தேடினார்கள். எங்கள் பாய் இவ்வளவு அழுக்கா என்று ஒருத்தி கேட்க, இன்னொருத்தி சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாசலை மறித்து நின்றிருந்த மாசிலாமணி, தன் நிழல் துணியின் மேல் விழுவதைக் கவனித்தான். ஓர் அடி விலகி மணலில் இறங்கி நின்றான்.