தோலுக்கடியில் ஓடியது

சுசித்ரா வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுக்கும் அரசு பிசியோதெரபிஸ்ட். வாரத்துக்கு இரண்டு நாள் அவளுடைய ஸ்கூட்டர் கம்பைநல்லூரைத் தாண்டி, மரவள்ளிக் காட்டை ஒட்டியிருந்த பச்சியப்பன் வீட்டு வாசலில் நிற்கும். பக்கவாதம் வந்து ஏழு வாரமாகியும் அவருடைய வலது கை அசையவில்லை. அவள் மடக்குவாள், நீட்டுவாள், பிறகு அவரையே மடக்கிப் பார்க்கச் சொல்வாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முயல்வார். கை கட்டை போலக் கிடக்கும். தன் நம்பிக்கையும் கரைந்துகொண்டிருப்பதை அவருடைய மனைவி தங்கம்மாளிடம் அவள் காட்டிக்கொண்டதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் அவருடைய வலது மேல்கையில் விரலை வைத்துக்கொண்டு முயலச் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். முகமெல்லாம் வியர்த்தது.

"மேடம், உள்ள ஒரு சுண்டெலி ஓடுன மாதிரி இருந்துச்சுங்க" என்றார் மெதுவாக.

அவள் விரலுக்கும் அது தட்டுப்பட்டிருந்தது. இன்னொரு தடவை முயலச் சொன்னாள். தோலுக்கடியில் ஏதோ குறுகுறுவென்று நகர்ந்து அடங்கியது. அடுப்படியிலிருந்து தங்கம்மாள் ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சுசித்ரா நோட்டை எடுத்து, எந்தத் தசை அசைந்தது என்று ஆங்கிலத்தில் குறிக்கத் தொடங்கினாள். தசைக்கு ஆங்கிலத்தில் 'மசில்'; ஆயிரம் முறை எழுதிய சொல்தான். எழுதும்போது மட்டும் வந்து, உச்சரிக்கும்போது வராத ஒரு 'சி' நடுவில் எதற்கு என்று அன்றைக்குத்தான் தோன்றியது. போனில் தேடினாள். லத்தீன் மொழியில் 'மஸ்குலஸ்' என்றால் சின்ன எலி. கையை மடக்கும்போது தோலுக்கடியில் திரண்டு ஓடுவது எலி போலத் தெரிந்ததால் வந்த பெயராம். பழைய கிரேக்கத்திலோ எலிக்கும் தசைக்கும் ஒரே சொல்.

இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால், கடல்களுக்கு அப்பால் எவனோ தன் கையைப் பார்த்துச் சொன்னதை, அந்த மொழியின் பெயரைக்கூடக் கேட்டிராத மனிதர் கண்ணை மூடியபடி சொல்லியிருக்கிறார். படித்ததை இருவருக்கும் சொன்னாள்.

பச்சியப்பன் இடது கையால் வலது மேல்கையைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப, அவங்களுக்கும் இப்பிடித்தான் இருந்துச்சுங்களா?"

"இப்பிடித்தாங்க."

அடுத்த வீட்டுக்கு நேரமாகியிருந்தது. அவள் எழவில்லை. மூன்று பேரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த மாதம் பச்சியப்பன் முழங்கையைப் பாதிவரை மடக்கினார். தை பிறந்தபோது, பாதி சிந்தினாலும் டம்ளரைத் தானே வாய்க்குக் கொண்டுபோனார். தங்கம்மாள் சிந்தியதைத் துடைக்காமல் நின்று பார்த்தாள்.