முதல் இடத்தில் ஆடியவள்

பயிற்சியாளர் அந்தக் கல்லூரிக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆகியிருந்தது. பெண்கள் டென்னிஸ் குழுவை அவர் கையில் கொடுத்தபோது இருந்தவை இரண்டே கோர்ட்டுகள். ஒன்றில் வலை கிழிந்து தொங்கும். மற்றதில் மழை பெய்தால் மூன்று நாளைக்குத் தண்ணீர் வடியாது. இப்போது எட்டு கோர்ட்டுகள். கல்லூரிகளுக்கு இடையிலான கோப்பை பதினோரு முறை அவருடைய பெண்களோடு பஸ்ஸில் ஏறி வந்திருக்கிறது. கண்ணில் விரலை விட்டு ஆட்டுகிற மனுஷர் என்று மாணவிகள் முணுமுணுப்பார்கள். ஆனால் படிப்பு முடித்துப் போனவர்கள் கல்யாணமானாலும் குழந்தை பிறந்தாலும் முதலில் அவருக்குத்தான் போன் பண்ணுவார்கள்.

அடுத்த மார்ச்சில் ஓய்வு. கோர்ட்டுகளுக்கு அவர் பெயரையே வைப்பதென்று முதல்வர் முடிவு செய்திருந்தார். பழைய மாணவிகளிடம் கடிதம் வாங்கி ஓர் ஆல்பமாகத் தைத்து விழாவில் கொடுப்பதாக ஏற்பாடு. முதல்வர் அறையில் பழைய மாணவிகளின் பட்டியலைப் பார்த்த பயிற்சியாளர், தாம் வேலைக்கு வந்த மூன்றாம் வருஷத்துக் குழுவில் ஒரு பெயர் மட்டும் விட்டுப்போயிருப்பதைக் கவனித்தார். விலாசம் தெரியவில்லையாம்.

“அவளுக்கும் அனுப்புங்க. விலாசம் நான் தேடித் தரேன்” என்றார்.

ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை. சும்மா இருந்திருக்கலாம். வாய் முந்திக்கொண்டது.

பதில் கல்லூரிக்கு வரவில்லை, அவர் வீட்டுக்கு வந்தது. ஒரே வரி. ‘அன்றைக்கு என்னை முதல் இடத்தில் ஆட வைத்தது என் ஆட்டத்தைப் பார்த்துத்தானா, சார்?’ கீழே கையெழுத்துக்குப் பதிலாகக் குழுவில் எல்லோரும் அவளைக் கூப்பிட்ட பெயர்: குருவி.

அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், எடுத்தார், மறுபடியும் வைத்தார். காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்து, “என்னங்க, முகமே சரியில்ல?” என்றாள். “ஒண்ணுமில்ல” என்றார்.

ஒன்றுமில்லாமல் இல்லை. மூன்றாம் வருஷம் அவருக்குத் தலைக்குமேல் கத்தி தொங்கிய வருஷம். இந்தத் தடவையும் வெறுங்கையோடு வந்தால் குழுவையே கலைத்துவிடுவோம் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. எப்படியோ இறுதிப் போட்டி வரை வந்துவிட்டார்கள். மொத்தம் ஐந்து ஆட்டம், மூன்றில் ஜெயித்தால் கோப்பை. திறமை வரிசைப்படிதான் பெயர் கொடுக்க வேண்டும் என்பது விதி: முதல் ஆட்டக்காரி எதிரணியின் முதல் ஆட்டக்காரியோடு, இரண்டாமவள் இரண்டாமவளோடு. எதிரணியின் முதல் ஆட்டக்காரியை ஜெயிக்க இவர் குழுவில் ஆள் கிடையாது. ஆனால் அவளுக்குக் கீழே இருந்த நால்வரும் சுமார்தான். தம் குழுவின் கடைசி ஆட்டக்காரியைத் தூக்கி முதல் இடத்தில் போட்டுவிட்டு, மற்ற நால்வரையும் ஒரு படி கீழே இறக்கினால் போதும். ஒரு ஆட்டம் போகும், குறைந்தது மூன்று தேறும்.

அந்தக் கடைசி ஆட்டக்காரி குருவி.

முந்தின நாள் பயிற்சி முடிந்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். “இந்த மாசம் உன் ஆட்டம் எங்கேயோ போயிருச்சும்மா. நாளைக்கு நீதான் முதல்” என்றார். அவள் முகம் மலர்ந்ததை அவரால் ரொம்ப நேரம் பார்க்க முடியவில்லை. பந்துக்கூடையைத் தூக்குகிற சாக்கில் திரும்பிக்கொண்டார். அவள் ஓடிப்போய் அப்பாவுக்குப் போன் பண்ணினாள். அச்சகத்தில் மெஷின் ஓட்டும் அந்த மனுஷர் ஷிப்டை மாற்றிக்கொண்டு, ஆறு மணி நேரம் பஸ்ஸில் வந்து, கசங்காத சட்டையோடு முதல் வரிசை பெஞ்சில் உட்கார்ந்தார். அதுவரை அவர் மகள் ஆடி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

ஆறு–பூஜ்யம், ஆறு–பூஜ்யம். முப்பத்தெட்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. பக்கத்துக் கோர்ட்டுகளில் மற்றவர்கள் மூன்று ஆட்டத்தை ஜெயித்தார்கள். கோப்பை கிடைத்தது, குழு பிழைத்தது. அடுத்த பருவத்தில் குருவி மட்டையை அலமாரியில் வைத்துவிட்டு வருவதை நிறுத்திக்கொண்டாள். பயிற்சியாளர் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் அவர் வரிசையை மாற்றியதில்லை. மாற்ற வேண்டிய அவசியமும் வரவில்லை. ஜெயிக்கிற குழுவுக்கு நல்ல ஆட்டக்காரிகள் தானாக வந்து சேர்ந்தார்கள்.

கடிதம் வந்த வாரக் கடைசியில் அவர் பஸ் ஏறினார்.

குருவி இப்போது கண் பரிசோதிப்பவள். கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, மேலே வீடு. கடைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத சின்ன அறை. எதிர்ச் சுவரில் பெரிசிலிருந்து சிறிசாக இறங்கும் எழுத்துப் பலகை. அவளுக்கு நாற்பத்துநாலு வயதாகியிருந்தது. காதோரம் நரைத்திருந்தது. அவரைப் பார்த்ததும் ஒரு நொடி தயங்கிவிட்டு, “உக்காருங்க சார்” என்றாள். அங்கே இருந்தது கண் பார்க்கிற நாற்காலி ஒன்றுதான். அதில் உட்கார்ந்தார்.

“உன் ஆட்டத்தைப் பார்த்து இல்லம்மா” என்றார். வழியெல்லாம் கோத்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் உதவவில்லை. “உன்னைப் பலி குடுத்தேன். தெரிஞ்சேதான் குடுத்தேன். உன்கிட்டப் பொய்யும் சொன்னேன்.”

அவள் கையிலிருந்த கண்ணாடித் துணியை மடித்தாள். “ரெண்டாவது கேம்லயே தெரிஞ்சுபோச்சு சார். எதிர்ல நின்னவ பந்தை அடிக்கவே இல்ல. பாவம்னு தள்ளிவிட்டா.”

“அப்புறம் ஏன் இப்பக் கேட்டே?”

“நன்றின்னு எழுதலாம்னுதான் உக்காந்தேன். கை வரல. இதுதான் வந்துச்சு.” மடித்த துணியை மேஜைமேல் வைத்தாள். “தோத்தது பெரிசில்ல சார். அன்னிக்கு வந்தாரே எங்கப்பா, அதுக்கப்புறம் என்னோட எதுக்குமே அவர் வரல. பட்டம் வாங்கினப்ப மெஷின் ரிப்பேர்னு சொல்லிட்டார். இந்தக் கடை திறந்தப்பக்கூட மாடியிலேயே இருந்துட்டார். அவ்வளவு பேருக்கு முன்னால தலைகுனிய வெச்சுட்டேனேன்னு நானும் கேக்கல.”

“இப்ப எங்க இருக்கார்?”

அவள் விரல் மேலே காட்டியது.

மாடியில் பெரியவர் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மகளுடைய வெள்ளைக் கோட்டு ஒன்று ஏற்கெனவே மடிப்புக் கலையாமல் கம்பியில் தொங்கியது. பயிற்சியாளரை அடையாளம் தெரிய அவருக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. “சாரா! வாங்க, வாங்க” என்று நாற்காலியிலிருந்த துணிகளை அள்ளினார். பஸ் வசதியாக இருந்ததா, வெயில் அதிகமா என்று எல்லாம் விசாரித்தார். டென்னிஸ் பக்கம் மட்டும் போகவில்லை.

பயிற்சியாளர் நின்றபடியே சொன்னார். விதி என்ன, தாம் செய்தது என்ன, ஏன் செய்தார் என்று ஒவ்வொன்றாக, டென்னிஸ் தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி சொன்னார். பாதியிலேயே பெரியவர் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டார்.

“அப்ப, அவ ஜெயிக்கவே முடியாத ஆட்டமா அது?”

“முடியாது. யாராலயும் முடியாது.”

“நான் வந்ததால இல்லையா?”

பயிற்சியாளருக்கு முதலில் விளங்கவில்லை. வாசற்படியில் நின்ற குருவிக்கும் விளங்கவில்லை.

“முதல் பந்து அடிக்கறதுக்கு முன்னாடி என்னைத் திரும்பிப் பார்த்தா சார். கை நடுங்குச்சு. நல்லா ஆடற பொண்ணு, அதான முதல்ல போட்டிருக்காங்க, நான் வந்து உக்காந்து கெடுத்துட்டேன்னு நெனச்சேன்.” பெரியவர் மடித்த சட்டையின் காலரைத் தடவிக்கொண்டே பேசினார். “என் கண்ணு பட்டா அவளுக்கு ஆகாதுன்னு முடிவு பண்ணிட்டேன். பட்டம் வாங்கற அன்னிக்குக் காலேஜ் வாசல் வரைக்கும் வந்தேன். உள்ள வரல.”

“அப்பா” என்றாள் குருவி. “வாசலுக்கு வந்தீங்களா?”

அவர் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு பயிற்சியாளரைப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. “சார், நீங்க இவ்வளவு தூரம் வந்து சொன்னீங்க. பெரிய விஷயம்தான். ஆனா இப்பக் கிளம்பிடுங்க. நான் என் பொண்ணோட பேசணும்.”

பயிற்சியாளர் படியிறங்கினார். ஒரு பெண்ணின் ஆட்டத்தைத்தான் கெடுத்தோம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தார். ஒரு வீட்டுக்குள்ளேயே புகுந்து சுவர் எழுப்பிவிட்டு வந்திருக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே எதையும் அவர் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். விளையாட்டுச் சங்கத்துக்கு உண்மையை எழுதப் போவதையும் சொன்னார்.

“எழுதுங்க, நான் தடுக்கல. ஆனா அந்தக் கோப்பை உங்க ஒருத்தரோடது மட்டுமா?”

“இல்ல.”

“அதையும் யோசிச்சுட்டு எழுதுங்க.”

யோசித்தார், எழுதினார். சங்கம் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டது. அந்த வருஷத்துக் கோப்பையைப் பதிவேட்டிலிருந்து நீக்கி, ‘வெற்றியாளர் இல்லை’ என்று போட்டார்கள். முதல்வர் கூப்பிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, பெயர் வைக்கிற விஷயத்தை இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம் என்றார். “சரிங்க” என்றார் பயிற்சியாளர். முதல்வருக்குப் பெரிய நிம்மதி.

மறுநாள் சாயங்காலம் அந்த வருஷத்துக் கேப்டன் வீட்டுக்கே வந்துவிட்டாள். இப்போது வக்கீல், கோர்ட்டிலிருந்து நேரே வந்திருந்தாள், கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

“உங்க மனசு லேசாகணும்னு எங்க கோப்பையைத் தூக்கிக் குடுத்துட்டீங்க. நான் அன்னிக்கு மூணு மணி நேரம் ஆடினேன் சார். கெண்டைக்கால் பிடிச்சு இழுக்க இழுக்க ஆடினேன். அது பொய்யா?”

“பொய் இல்லம்மா. நீ ஆடினது நெசம்.”

“பின்ன? எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? அன்னிக்கு அவளைக் கேக்கல, இன்னிக்கு எங்களைக் கேக்கல.”

அது உண்மை என்று அவருக்குப் பட்டது. மனைவி டீயை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டாள், யாராவது ஒருவர் பக்கம் ஆள் வேண்டுமென்பது போல. யார் பக்கம் என்றுதான் தெரியவில்லை.

“கேக்கல. கேட்டிருக்கணும்” என்றார்.

கேப்டன் டம்ளரை எடுத்தாள், குடிக்காமல் பிடித்திருந்தாள். “வரிசையைப் பார்த்ததும் எங்க நாலு பேருக்குமே தெரியும் சார். ரூம்ல யாரும் யார் முகத்தையும் பாக்கல. அவ மட்டும் ஷூ லேஸை அவுத்து அவுத்துக் கட்டிட்டிருந்தா. அவ்வளவு சந்தோஷம்.” டம்ளரைக் கீழே வைத்தாள். “மெடலைத் திருப்பிக் கேட்டாங்கன்னா நான் குடுக்கமாட்டேன்.”

“குடுக்காதே.”

“அவ நம்பர் இருக்கா?”

குறித்துக் கொடுத்தார். அவள் அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். பேசுவாளா, மாட்டாளா என்று சொல்லவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது, “உங்க மேல எனக்குக் கோபம் தீரல சார்” என்றாள்.

“தெரியுதும்மா. பார்த்துப் போ.”

மார்ச் மாதம் விழா சின்னதாக நடந்தது. கேப்டனும் வரவில்லை, குருவியும் வரவில்லை. வந்தவர்கள் கைகுலுக்கினார்கள், சிலர் கண்ணைப் பார்க்காமல் குலுக்கினார்கள். ஆல்பத்தில் அந்த ஒருவரிக் கடிதத்தை அவரே தம் கையால் ஒட்டிவைத்தார். திங்கட்கிழமை காலை பழக்கத்தில் ஐந்து மணிக்கே விழிப்பு வந்தது. போக வேண்டிய இடம் எதுவும் இல்லை என்பது நினைவுக்கு வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. எழுந்து போய் மனைவிக்கும் சேர்த்து டீ போட்டார்.